மெஷ் ஜாக்கெட் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்? கோடையில் நெடும்பயணம் போகிறவர்களுக்கு ரைடிங் கியர் பற்றி

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பைக்கில் லடாக் கிளம்புகிற பலரும் முதலில் குளிருக்குத்தான் சாமான் வாங்குகிறார்கள். தெர்மல், கம்பளி சாக்ஸ், தடிமனான கையுறை. ஆனால் மணாலி–லே சாலை பனி விலகித் திறப்பது பெரும்பாலும் கோடையில்தான். அந்தச் சமயத்தில் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து கர்நூல், ஹைதராபாத், அதிலாபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று வெயிலுக்குப் பேர்போன ஊர்களை வரிசையாக, அதுவும் வெயில் உச்சத்தில் இருக்கும்போது, தாண்டியாக வேண்டும். நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி என்பது யாரும் ஆச்சரியப்படுகிற செய்தியே இல்லை. குளிர் வருவதற்கு முன்னால் வெயில் வந்துவிடும்.

இந்த வெயிலில் என்ன உடுத்துவது என்று கேட்டால், புதிதாக வண்டி எடுத்தவர்களிடம் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, “இந்த வெயில்ல ஜாக்கெட்டா, டி-ஷர்ட் போதும்.” இன்னொன்று, “மெஷ் ஜாக்கெட் வாங்கு, காத்து நல்லா உள்ள போகும்.” முதல் பதிலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மெஷ் என்றால் வலைத்துணி; அந்த இரண்டாவது பதில் பாதி சரி. எந்தப் பாதி என்று புரிந்துகொண்டால் கியர் வாங்குவது சுலபமாகிவிடும்.

டி-ஷர்ட் ஏன் கூடாது? 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால், காய்ந்த தார்ச் சாலையில் உடம்பு தோராயமாக 20 மீட்டர் இழுபடும். நிற்க இரண்டரை வினாடி ஆகும். 80 கிலோமீட்டர் என்றால் தூரம் 35 மீட்டரைத் தாண்டும், நேரம் மூன்று வினாடிக்கு மேல். அவ்வளவு நேரம் தோலுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஒரு துணி கிழியாமல் நிற்க வேண்டும். பருத்தி டி-ஷர்ட் நிற்காது, சாதாரண ஜீன்ஸும் நிற்காது. தேய்மானத்தைத் தாங்குவது ஒரு வேலை. மோதும்போது தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எலும்புகளில் இறங்கும் அடியைக் குறைப்பது இரண்டாவது வேலை. அதற்குத்தான் உள்ளே வைக்கும் ஆர்மர் என்கிற அடிதாங்கித் துண்டுகள். தையல் பிரியாமல் இருப்பது மூன்றாவது. துணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தோள்பட்டைத் தையல் வாய் பிளந்தால் அது வெறும் கந்தல்.

இந்த மூன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கும் ஐரோப்பிய விதிமுறைக்குப் பெயர் ஈ.என். 17092. இதில் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று ஐந்து வகுப்புகள். உடையிலிருந்து வெட்டிய துணித் துண்டுகளை இயந்திரத்தில் சுழற்றி, கான்கிரீட் பரப்பின்மேல் இறக்கி, ஓட்டை விழுகிறதா என்று பார்ப்பார்கள். எளிதில் அடிபடும் தோள், முழங்கை, முழங்கால் பகுதிகளுக்குச் சோதனை வேகம் ஏஏஏ வகுப்பில் மணிக்கு 120 கிலோமீட்டருக்குச் சமம், ஏஏ-வில் 70, ஏ-வில் 45. இது ஆய்வுக்கூட எண்தான். ஏஏ ஜாக்கெட் போட்டால் 70-இல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று படித்துவிடக் கூடாது. ஒரு ஜாக்கெட்டை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

பி, சி இரண்டிலும் புதியவர்கள் குழம்புவதுண்டு. பி என்பது ஏ அளவு தேய்மானம் தாங்கும், ஆனால் ஆர்மர் இல்லாத உடை. சி நேர் எதிர்: ஆர்மர் இருக்கும், தேய்மானப் பாதுகாப்பு இருக்காது. வலைச் சட்டை மாதிரி இருக்கும், உடம்போடு ஒட்டிய ‘ஆர்மர் ஷர்ட்’ பெரும்பாலும் இந்த வகைதான். காற்று பிய்த்துக்கொண்டு போகும், அணியச் சுகமாகவும் இருக்கும். மண் பாதையில் 30, 40 வேகத்தில் போகிறவருக்குப் பொருத்தமானது. அதை மட்டும் போட்டுக்கொண்டு நான்குவழிச் சாலையில் 90-இல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, வெயிலுக்கு வருவோம்.

உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முக்கியமாக நம்பியிருப்பது வியர்வையை. வியர்வை வழிந்தால் பயனில்லை, ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வழிந்து சாக்ஸுக்குள் இறங்கினால் தண்ணீர்தான் வீண். மண்பானைத் தண்ணீர் உள்மாவட்டத்தில் சில்லென்று இருப்பதும் கடலோரத்தில் அவ்வளவாகக் குளிராததும் இதே காரணத்தால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை.

ஆகவே பைக் ஓட்டுகிறவருக்கு வெயில் இரண்டு ரகம். ஒன்று புழுக்கம். சென்னை, பாண்டிச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று கடலை ஒட்டிய பாதை: வெப்பம் 36, 37 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் கனமாக இருக்கும். வியர்வை ஊற்றும், காயாது. இங்கே எவ்வளவு காற்று உடம்பில் படுகிறதோ அவ்வளவு நல்லது. மார்பு, கை, முதுகு என எல்லாப் பக்கமும் காற்று புகும் மெஷ் ஜாக்கெட் இந்த இடத்துக்கென்றே செய்தது போலிருக்கும். வண்டியில் உயரமான விண்ட்ஷீல்டு இருந்தால் கோடைக்கு அதைக் கழற்றியோ தாழ்த்தியோ வையுங்கள். அட்வென்ச்சர் வண்டிகளில் மார்புக்கு வரவேண்டிய காற்றை மறிப்பதே அந்தக் கண்ணாடிதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷ்ஷும் அதன் பின்னால் சும்மா கிடக்கும்.

இன்னொன்று அனல். அதிலாபாத்திலிருந்து நாக்பூர் வரை, அப்புறம் ஜான்சி, குவாலியர் பக்கம், மதியம் 43, 44 டிகிரி. ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி. நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வீசும் காற்று உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதைத் தாண்டிவிட்டால் கணக்கு தலைகீழ். 44 டிகிரிக் காற்று உடம்புக்குள் சூட்டை இறக்குகிறது, வேகம் கூடக்கூட அதிகமாக இறக்குகிறது. மெஷ் ஜாக்கெட் அதற்கு வாசலைத் திறந்துவைத்த மாதிரி ஆகிவிடும். வியர்வையும் தோலில் தங்காமல் உடனே காய்ந்துவிடுவதால், வியர்த்ததே தெரியாது. “பரவாயில்லையே, வியர்க்கவே இல்லை” என்று ஓட்டிக்கொண்டிருப்பார். உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே தேவைப்படுவது, காற்றை அளந்து உள்ளே விடும் ஜாக்கெட். ஜிப் போட்டு மூடித் திறக்கும் காற்றுவாய்கள் கொண்ட டெக்ஸ்டைல் ஜாக்கெட். உள்ளே முழுக்கை வைத்த, உடம்போடு ஒட்டும் பேஸ் லேயர், அதாவது மெல்லிய உள்சட்டை. பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போது அந்த பேஸ் லேயரைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே ஜாக்கெட்டை மாட்டி, முன்பக்கக் காற்றுவாய்களைக் கிட்டத்தட்ட மூடிவிட்டு, மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சமும் முதுகில் காற்று வெளியேறும் வாயையும் திறந்து வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் உடம்பு சிலிர்க்கும், அந்த அளவுக்குக் குளிரும். இதே ஈரச் சட்டையை மெஷ்ஷுக்குள் போட்டால் கால் மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். காற்றுவாய் மூடிய ஜாக்கெட்டுக்குள் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரம் ஈரம் நிற்கும். அடுத்த நிறுத்தம் வரை அது போதும்.

வெயிலில் உடம்பை முழுக்க மூடிக்கொள்வது நமக்கு விநோதமாகத் தோன்றலாம். ராஜஸ்தானிலும் அரபு நாடுகளிலும் வெயிலில் வேலை செய்கிறவர்கள் தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிக்கொண்டிருப்பதும் இதே கணக்கில்தான்.

தண்ணீரில் நனைத்துப் போடும் கூலிங் வெஸ்ட் பற்றியும் இப்போது நீங்களே முடிவுசெய்யலாம். நாக்பூருக்கு அருமை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அது உடம்பில் சுமக்கும் ஈரத்துணி.

அப்படியானால் எது வாங்குவது? தமிழ்நாட்டுக்குள், கேரளா, கோவா, கடலோர ஆந்திரா என்று சுற்றுகிறவருக்கு மெஷ் ஜாக்கெட் போதும். ஒரே ஜாக்கெட்தான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்கலாம். வடக்கே போக வேண்டி வந்தால் ஒரு தந்திரம் உண்டு. மெஷ் ஜாக்கெட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளும் அளவில் ஒரு மெல்லிய மழைக்கோட்டு, கழுத்து ஜிப்பைத் திறந்து வைக்கக்கூடியதாக வாங்கிக்கொள்ளுங்கள். அனல் காற்றில் நனைந்த சட்டைக்கு மேல் அதுவே காற்றுத் தடுப்பு, மழையில் மழைக்கோட்டு, மணாலி–லே சாலையில் கிட்டத்தட்ட 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாராலாச்சா கணவாயில், உள்ளே ஒரு தெர்மலும் சேர்ந்தால், குளிர்காற்றை நிறுத்துவதும் அதுதான். ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் மழை லைனரைவிட வெளியே போடும் கோட்டு எனக்கு எப்போதும் மேல். லைனர் இருந்தால் வெளிஜாக்கெட் நனைந்து கனக்கும், தூறல் விழுந்தால் சாலையோரம் ஜாக்கெட்டைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

கடையில் என்ன பார்ப்பது? முதலில் உள்பக்கம். ஜாக்கெட்டைத் திருப்பி, பக்கத் தையலிலோ உள் பையிலோ தைத்திருக்கும் லேபிளைத் தேடுங்கள். பைக் ஓட்டுகிறவர் படம் ஒன்று கட்டத்துக்குள் இருக்கும், அருகில் ஈ.என். 17092 என்றும் வகுப்பின் எழுத்தும் அச்சாகியிருக்கும். சில ஜாக்கெட்டுகளில் ‘சிஇ ஆர்மர்’ (சிஇ என்பது ஐரோப்பியச் சான்றுக் குறி) என்று வெளியே பெரிய அட்டை தொங்கும். உள்ளே ஆர்மருக்கு மட்டும்தான் சான்று இருக்கும், துணிக்கு இருக்காது. இரண்டும் வேறுவேறு சான்றுகள். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் “எல்லாமே சிஇ தான் சார்” என்பார். லேபிளைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஆர்மரை உருவி எடுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் உள்ளவற்றில் ஈ.என். 1621-1 என்று அச்சு இருக்கும். பக்கத்தில் 1 அல்லது 2 என்று ஓர் எண். சோதனையில் 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமமான அடி கொடுத்து, அடியில் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளப்பார்கள். லெவல் 1-இல் சராசரி 35 கிலோநியூட்டன் வரை வரலாம், லெவல் 2-இல் 20 வரைதான். முதுகுக்கான ஆர்மர் தனி: ஈ.என். 1621-2, லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லெவல் 2 கிட்டத்தட்ட பாதி அடியைத்தான் உள்ளே விடும் என்பது நினைவிருந்தால் போதும்.

ஜாக்கெட்டின் முதுகுப்பக்க உள்பையில் கைவிட்டுப் பாருங்கள். பெருவிரலால் அழுத்தினால் பொசுக்கென்று உள்ளே போய், குளியல் ஸ்பாஞ்ச் கனம்கூட இல்லாத ஒரு துண்டு கையில் வந்தால், அது இடம் நிரப்ப வைத்தது. அச்சும் இருக்காது. இது விலை உயர்ந்த ஜாக்கெட்டுகளிலும் சகஜம். முதுகு ஆர்மருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வெயில் பயணத்துக்கென்று ஆர்மரில் இன்னொரு விஷயம் உண்டு; அதிகம் பேர் கவனிப்பதில்லை. டி3ஓ, சாஸ்-டெக் போன்ற மென்மையான ஆர்மர்கள் உடம்புச் சூட்டில் இளகி, அடி விழும்போது இறுகுகிற வகை. சூடு கூடினால் இன்னும் இளகும். அடி தாங்கும் திறனும் மாறும். அதனால் 40 டிகிரியில் வைத்துச் சோதித்துத் தேறிய ஆர்மரில் ஆங்கில ‘T’ எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டிருப்பார்கள். கழித்தல் குறி குளிருக்கான சோதனை. கூட்டல் குறி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு ஜாக்கெட்டோடு நாக்பூர் வெயிலில் நிற்கப்போகும் ஆர்மர் அது.

நிறம் பற்றி: ஓடும்போது கறுப்புக்கும் வெளிர் சாம்பலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சுங்கச்சாவடியில், ரயில்வே கேட்டில், ஊருக்குள் சிக்னலில் நிற்கும்போது நன்றாகவே தெரியும். வெளிர் நிறம் தூரத்திலிருந்து லாரிக்காரர் கண்ணில் படும். அழுக்கு தெரியும் என்பது மட்டும்தான் குறை.

துணியில் 600 டெனியர், 1000 டெனியர் என்று போட்டிருப்பது நூலின் கனம்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற அளவு. எண் பெரிதாக இருந்தால் நூல் தடிமன், அவ்வளவே. 500 டெனியர் நைலான், 600 டெனியர் பாலியெஸ்டரைவிட நன்றாக உழைக்கக்கூடும். மெஷ் ஜாக்கெட் என்றால் தோள், முழங்கை, முன்கையின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் வலை இல்லாமல் கெட்டித் துணி இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்தால் தரையைத் தொடுவது அவைதான். வலை மார்பிலும் முதுகிலும் கையின் உள்பக்கத்திலும் இருந்தால் போதும், காற்றும் அங்கேதான் வேண்டும்.

அளவு பார்க்க நின்றுகொண்டு கண்ணாடி முன் தோளை விரித்தால் போதாது. கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் உட்காருங்கள், கால்தாங்கியில் எழுந்தும் நில்லுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்த நிலையில் முழங்கை ஆர்மரை இன்னொரு கையால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். அது எலும்பை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால், விழும்போது கட்டாயம் நகரும். வெயில் என்பதால் ஓர் அளவு பெரிதாகத் தொளதொளவென்று வாங்குகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். ரைனாக்ஸ், வியாடெரா போன்ற இந்திய நிறுவனங்களின் அளவுகள் நம் உடல்வாகுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஐரோப்பிய அளவில் வாங்கினால் கை நீளம் மிஞ்சும்.

பேன்ட் விஷயத்தில் பலரும் கை வைப்பதில்லை. ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் ஜோராக இருக்கும், கீழே காட்டன் டிராக் பேன்ட். விழுந்தால் இடுப்பும் முழங்காலும் தரையைச் சந்திக்கும். போதாக்குறைக்கு ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கேடிஎம் அட்வென்ச்சர் மாதிரி வண்டிகளில் ஊருக்குள் ஊர்ந்தால் இன்ஜின் சூடு நேராகக் கெண்டைக்காலுக்கு வரும். கெட்டி பேன்ட்டும் உயரமான பூட்ஸும் அந்தச் சூட்டைத் தடுக்கும். கழற்றினால் குளிரும் என்று நினைக்கிற இடத்தில் போட்டிருப்பதே குளிர்ச்சி. உள்ளே பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையில் ஊறி, தையல் உரசி, முந்நூறு கிலோமீட்டரில் தொடையில் சிராய்ப்பு வந்துவிடும், அடுத்த நாள் வேர்க்குருவோடு உட்காரவே முடியாது. தட்டையான தையல் கொண்ட விளையாட்டு வகை நீள உள்ளாடை, இரண்டே இரண்டு இருந்தால் ராத்திரி துவைத்துக் காலையில் மாற்றிக்கொள்ளலாம்.

கையுறை, பூட்ஸ் இரண்டுக்கும் தனி விதிமுறை உண்டு: ஈ.என். 13594, ஈ.என். 13634. கையுறையில் மேல்பக்கம் மெஷ், உள்ளங்கை ஆட்டுத்தோல், உள்ளங்கை அடிப்பகுதியில் வழுக்கிச் செல்லும் கெட்டித் தகடு, மணிக்கட்டில் இறுக்கும் பட்டை. பட்டையைப் போட்டுவிட்டு விரல்நுனியைப் பிடித்து இழுங்கள், கழன்று வந்தால் அது வேண்டாம். கறுப்புத் தோல் கையுறை முதல் சில நாள் வியர்வையில் சாயம் விடும். பயப்பட வேண்டாம், நகக்கண்ணில் மட்டும் ஒரு வாரம் நிற்கும். பூட்ஸில் கணுக்காலைச் சுற்றிக் கெட்டிக் கிண்ணமும் முன்காலில் தகடும் இருக்க வேண்டும். மணலில் வண்டி சாய்ந்தால் கால் மாட்டுவது வண்டிக்கும் அதன் பக்கப்பெட்டிக்கும் அடியில். நீர்புகாச் சவ்வு வைத்த பூட்ஸ் கோடைக்கு அவியல். ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை சட்டப்படியே தேவை. அதோடு ஐரோப்பாவின் ஈசிஈ 22.06 சான்றும் இருந்தால் நல்லது. உள்பஞ்சு கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும், இரண்டாம் நாளே அதன் அருமை தெரியும்.

இத்தனையும் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் ஓட்டினால் எந்த ஜாக்கெட்டும் காப்பாற்றாது. முதுகுப் பையில் குழாய் வைத்த இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை இருந்தால் ஓடிக்கொண்டே உறிஞ்சலாம். நிறுத்தினால்தான் குடிக்க முடியும் என்றால் நிறுத்த மாட்டோம். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறையும். நடுவில் ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் கரைத்துக்கொள்ளுங்கள், அல்லது உப்புப் போட்ட மோர். தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல் வந்தால் அடுத்த நிழலில் நிறுத்துங்கள். கூட வருகிறவர் பேச்சு குழறினால், போகும் வழி குழம்பினால், அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே கியரைக் கழற்றி, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். காலை நான்கு மணிக்குக் கிளம்பிப் பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுகிறவர்களுக்கு இந்தப் பத்தி அவ்வளவாகத் தேவைப்படாது.

பணம் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக வராது. நான் சொல்லும் வரிசை: ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், ஜாக்கெட், முதுகு ஆர்மர், பேன்ட். அட்வென்ச்சர் பயணத்தில் மெதுவான வேகத்தில் விழுவதே அதிகம், அப்போது அடிபடுவது கையும் காலும் என்பதால் கையுறையையும் பூட்ஸையும் முன்னே வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலை மட்டும் ஓட்டுகிறவர் ஜாக்கெட்டை முன்னே இழுத்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு, உப்புப் பூத்த ஜாக்கெட்டை மாதக்கணக்கில் அப்படியே ஆணியில் தொங்கவிடாதீர்கள். ஆர்மர் எல்லாவற்றையும் உருவி எடுத்து எந்தப் பக்கம் எது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஜிப்புகளை மூடி, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புத் திரவம் போட்டுக் கையால் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். ஆர்மரை ஈரத்துணியால் துடைத்து நிழலில் வையுங்கள்; வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் வெடிப்பு விடும்.